ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்: வடித்ததை அளந்தீர்களா?

கே: கையேட்டில் "ஆயுள் முழுக்க ஆயில் மாற்றத் தேவையில்லை" என்று இருக்கிறது. 95,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. மாற்றலாமா?

மாற்றுங்கள். யாருடைய ஆயுள் என்று அவர்கள் சொல்வதே இல்லை. பல கார் கம்பெனிகளுக்கு கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமே, பயன்பாட்டைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 வருடத்தில் மாற்றச் சொல்கிறது. மலைப்பாதை, நெரிசல், பின்னால் பாரம் இழுப்பது என்றால் இன்னும் முன்னதாகவே. அந்த ஆயில் வெறும் மசகு இல்லை, கியர் மாற்றும் அழுத்தமும் கிளட்சின் பிடியும் அதை நம்பித்தான் இருக்கின்றன, சூட்டில் அது கெடத்தான் செய்யும்.

கே: கையேட்டில் மொத்தம் 8 லிட்டர். வடிக்கும் போல்ட்டைக் கழற்றினால் மூன்றரை லிட்டர்தான் வந்தது. மீதி எங்கே போனது?

எங்கேயும் போகவில்லை. டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்), கூலர், குழாய்கள், வால்வ் பாடி (ஆயிலை வேண்டிய பக்கம் திருப்பிவிடும் பாகம்) என்று உள்ளேயே நிற்கிறது. 8 லிட்டரையும் ஊற்றிவிடாதீர்கள், அளவு மிஞ்சினால் சுழலும் பாகங்கள் ஆயிலை அடித்து நுரையாக்கிவிடும். வடித்ததை அளவு போட்ட பாத்திரத்தில் பிடித்து, அதே அளவு புது ஆயிலை ஊற்றுங்கள். இதில் கிட்டத்தட்ட 44 சதவீதம்தான் புதிதாகும். கொஞ்ச நாள் ஓட்டி மறுபடி வடித்தால் 68, மூன்றாவது முறை 82. எனக்கு மெஷின் வைத்துப் பழைய ஆயிலை மொத்தமாகத் தள்ளி ஃப்ளஷ் செய்வதைவிட இந்தப் பொறுமையான வழிதான் பிடிக்கும்.

அப்புறம் ஒன்று: வடிக்கும் போல்ட்டைத் தொடும் முன், ஊற்றும் போல்ட் கழல்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வடித்துவிட்டு ஊற்ற வழியில்லாமல் நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கே: ஃபில்டர் மாற்றியதிலிருந்து டி-யில் போட்டால் இரண்டு நொடி கழித்துத்தான் வண்டி நகர்கிறது.

முதலில் ஆயில் அளவு. அது சரி என்றால் ஃபில்டர் கழுத்தில் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். பழைய ஃபில்டரை இழுக்கும்போது அது மேலே துளைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும், நாம் அதன் மேலேயே புதியதை அழுத்துவோம், கழுத்து முழுதாக உட்காராது, பம்ப் ஆயிலோடு காற்றையும் உறிஞ்சும். நானே ஒருமுறை இப்படி மாட்டிவிட்டு மறுநாள் ஆயில் பானை (கியர்பாக்ஸின் அடித்தட்டு, 'பான்') திரும்ப இறக்கினேன். இப்போதெல்லாம் டார்ச் அடித்து, விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்க்காமல் புது ஃபில்டரை எடுப்பதே இல்லை. சில கியர்பாக்ஸ் பெட்டிகளில் ஃபில்டரும் பிளாஸ்டிக் பானும் ஒன்றாகவே வரும், அப்போது முழுதாகத்தான் மாற்ற வேண்டும்.

கே: பானில் உள்ள காந்தத்தில் கறுப்புப் பசை. பயப்படணுமா?

மாவு போல வழவழவென்று இருந்தால் சாதாரணத் தேய்மானம், துடைத்து மாட்டுங்கள். விரலில் குத்தும் சில்லுகள் இருந்தால்தான் கவலை.

கே: ஆயில் அளவு பார்க்கும் குச்சியே (டிப்ஸ்டிக்) இல்லை. அளவு எப்படிப் பார்ப்பது?

வண்டி சமதளத்தில், ஸ்டாண்டுகள் மேல் நிற்க வேண்டும், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். பெரும்பாலான பெட்டிகளில் எஞ்சின் ஓட, பிரேக்கை மிதித்தபடி பி, ஆர், என், டி என்று ஒவ்வொன்றிலும் சில நொடி நிறுத்திவிட்டு, ஆயில் சூடு உங்கள் கையேடு சொல்லும் டிகிரியில் (பலவற்றில் 35 முதல் 45 செல்சியஸ்) இருக்கும்போது ஓவர்ஃப்ளோ போல்ட்டை (அளவுக்கு மிஞ்சிய ஆயில் வழியும் துளையின் மூடி) திறக்க வேண்டும். தாரையாகக் கொட்டி, மெல்லிய நூலாகி, சொட்டுச் சொட்டாக மாறும் நேரத்தில் மூடுங்கள். ஒன்றுமே வரவில்லையா, இன்னும் ஊற்றணும். சூடு ஏறிய ஆயில் விரிந்து அதிகமாக வழிந்துவிடும், அதனால் கையால் தொட்டு உத்தேசமாகச் சொல்லாமல் காரில் செருகும் ஸ்கேனர் கருவியில் பாருங்கள். சில கார்களில் எஞ்சினை அணைத்துத்தான் பார்க்க வேண்டும், கையேடு சொல்வதே கணக்கு.

கே: எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று போட்ட ஆயில் ஊற்றலாமா?

கையேட்டில் உள்ள தரக்குறியீடு டப்பாவில் அச்சாகியிருந்தால் ஊற்றலாம். சிவிடி (படிப்படியான கியர்களுக்குப் பதில் பெல்ட்டோ செயினோ வைத்து விகிதத்தைத் தொடர்ந்து மாற்றும் வகை) பெட்டிக்கு சிவிடி ஆயில்தான். சிவப்பு நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், அது வெறும் சாயம்.

கே: 1,80,000 ஓடியாச்சு, ஒருமுறைகூட மாற்றவில்லை, இப்போது கியர் வழுக்குகிறது. ஆயில் மாற்றினால் சரியாகுமா?

அளவு குறைந்து வழுக்கினால் ஆகும். தீய்ந்த வாடையோடு கறுத்திருந்தால் கிளட்ச் தகடுகள் ஏற்கெனவே தேய்ந்துவிட்டன, புது ஆயில் அதைத் திருப்பித் தராது. "ஆயில் மாற்றியதும் கியர்பாக்ஸ் போச்சு" என்று வரும் கதைகளில் பாதி இப்படிப்பட்ட பெட்டிகள்தான். முதலில் பானை இறக்கி உள்ளே என்ன கிடக்கிறது என்று பார்த்துவிட்டு, அப்புறம் ஆயில் வாங்குங்கள்.