விளம்பரத்தில் காட்டும் ஆர்டர் கணக்கும் கடைக் கணக்கும் ஏன் ஒத்துப்போவதில்லை?

கேட்டிருப்பவர் மார்த்தாண்டத்தில் இருந்து தேன், முந்திரிக்கொத்து, நேந்திரங்காய் சிப்ஸ் இவற்றைச் சொந்த வெப்சைட்டில் விற்பவர். இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் விளம்பரம் போடுகிறார். ஒரு மாதம் விளம்பரக் கணக்கு கடைக்கு வந்ததைவிட அதிக ஆர்டர் காட்டுகிறதாம், அடுத்த மாதம் பாதிகூடக் காட்டுவதில்லையாம். பிக்சல் (வெப்சைட்டில் நடப்பதை விளம்பரக் கணக்குக்குத் தெரிவிக்கும் சிறு புரோகிராம் துண்டு) சரியாகத்தான் போட்டிருக்கிறோம், பிறகு ஏன் இப்படி, எதை நம்புவது என்று கேட்கிறார்.

நாகர்கோவில், தக்கலை வட்டாரத்துச் சிறு கடைகளுக்கு இந்த வேலையைச் செய்து கொடுப்பவன் நான். நம்ப வேண்டியது உங்கள் ஆர்டர் பட்டியலைத்தான். பணம் வந்ததா, பார்சல் போனதா என்பது அதற்குத்தான் தெரியும். ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டாவுக்குப் போகும் தகவலும் அந்தப் பட்டியலில் இருந்தே கிளம்ப வேண்டும். இப்போது உங்களுக்கு அது வாடிக்கையாளரின் போனில் திறக்கும் ஒரு பக்கத்தில் இருந்து கிளம்புகிறது. கோளாறில் பெரும்பகுதி அங்கேதான்.

அதற்கு முன்னால் ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிடுங்கள். 'ஆர்டர் நடந்தது' என்ற தகவல் மெட்டாவுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது ஒரு கேள்வி. போய்ச் சேர்ந்த ஆர்டரை மெட்டா எந்த விளம்பரத்தின் பெயரில் எழுதியது என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு மெட்டாவின் ஈவென்ட்ஸ் மேனேஜரில் (வந்து சேர்ந்த தகவல்களைக் காட்டும் பக்கம்) பதில் இருக்கிறது, இரண்டாவதற்கு ஆட்ஸ் மேனேஜரில் (விளம்பரங்களின் கணக்கைக் காட்டும் பக்கம்). பெரும்பாலானோர் ஆட்ஸ் மேனேஜரை மட்டும் கடைக் கணக்கோடு ஒப்பிட்டுக் குழம்புகிறார்கள். அந்த இரண்டும் ஒருபோதும் சமமாக வராது, வரவும் கூடாது, ஏனென்றால் விளம்பரமே பார்க்காமல் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஈவென்ட்ஸ் மேனேஜருக்கு வந்து சேர்ந்த பர்ச்சேஸ், அதாவது 'வாங்கியாயிற்று' என்ற தகவலின், எண்ணிக்கை கடையின் மொத்த ஆர்டர் எண்ணிக்கையோடு கிட்டத்தட்ட ஒத்துப்போக வேண்டும். அது ஒத்துவராத வரை இரண்டாவது கேள்விக்குப் போவதில் பிரயோசனம் இல்லை.

இன்னொன்று, கூட்டுத்தொகை ஒத்துப்போனாலும் உடனே நிம்மதி அடையாதீர்கள். சில ஆர்டர் இரண்டு முறை பதிவாகி, சில ஆர்டர் பதிவாகாமலே போனால், மொத்தம் அழகாகச் சரியாக நிற்கும். ஒரு வாரத்து ஆர்டர்களை எண் வாரியாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஈவென்ட் (இன்னது நடந்தது என்ற தகவல்) அனுப்பப்பட்டதா என்று உங்கள் சர்வர் பதிவில் டிக் போட்டுப் பாருங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் எங்கே ஓட்டை என்று உடனே தெரிந்துவிடும்.

நம் ஊர்க் கடைகளில் பெரிய ஓட்டை யூபிஐ. ஐபோன் பின்தொடரலைத் தடுக்கும் ஆப்பிள் விவகாரத்தைப் பற்றித்தான் எல்லாரும் எழுதுகிறார்கள், ஆனால் நான் பார்க்கும் கடைகளில் அதைவிட இதுதான் அதிகம் விழுங்குகிறது. நடப்பது இவ்வளவுதான்: ஒருவர் இன்ஸ்டாகிராமில் விளம்பரத்தைத் தட்டுகிறார், அந்த ஆப்புக்குள்ளேயே உங்கள் சைட் திறக்கிறது. பணம் கட்டப் போகும்போது ஜிபேயோ போன்பேயோ திறந்து, பின் நம்பர் போட்டு, 'டிக்' வந்ததும் அவர் போனைப் பையில் வைத்துவிடுகிறார். உங்கள் சைட்டின் நன்றிப் பக்கத்துக்குத் திரும்பி வரவே இல்லை. பிக்சலின் பர்ச்சேஸ் புரோகிராம் துண்டு அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. பக்கம் திறக்காவிட்டால் ஈவென்டும் கிடையாது. "பைசா அக்கவுண்ட்ல வந்தாச்சு மக்கா, இதுல மட்டும் காட்டலியே" என்று கடைக்காரர்கள் கேட்பது இதைத்தான்.

இதற்கு வழி கன்வெர்ஷன்ஸ் ஏபிஐ, அதாவது உங்கள் சர்வரில் இருந்து மெட்டாவின் சர்வருக்கு நேராகத் தகவல் அனுப்புவது. பணம் வந்ததும் பேமென்ட் கேட்வே (உங்களுக்காக ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவை) உங்கள் சர்வருக்கு ஒரு வெப்ஹூக், அதாவது தானாக வரும் அறிவிப்பு, அனுப்பும். அது வந்த கணத்தில் பர்ச்சேஸ் ஈவென்ட் கிளம்பட்டும். வாடிக்கையாளர் திரும்பி வந்தாலும் வராவிட்டாலும் கணக்கு ஏறிவிடும்.

இங்கே டெவலப்பர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. வெப்ஹூக் வருவது கேட்வேயின் சர்வரில் இருந்து. அந்த நேரத்தில் கிடைக்கும் ஐபி முகவரியும் பிரவுசர் விவரமும் கேட்வேயுடையவை. அவற்றை அப்படியே மெட்டாவுக்கு அனுப்பினால் உங்கள் வாடிக்கையாளர்கள் எல்லாரும் ஏதோ ஒரு டேட்டா சென்டரில் உட்கார்ந்து தேன் வாங்குவதுபோல் தெரியும், யாரையும் அடையாளம் பொருத்த முடியாது. எனவே அவர் செக்அவுட் பட்டனை அழுத்தும்போதே அவருடைய ஐபி, பிரவுசர் விவரம், மெட்டா அவர் பிரவுசரில் சேமித்து வைக்கும் இரண்டு குக்கி மதிப்புகள் (எஃப்பிபி, எஃப்பிசி) எல்லாவற்றையும் ஆர்டரோடு சேர்த்துச் சேமித்து வைக்கச் சொல்லுங்கள். வெப்ஹூக் வந்ததும் அவற்றை எடுத்து அனுப்பட்டும். விளம்பரத்தைத் தட்டும்போது லிங்கின் வாலில் ஒட்டி வரும் கிளிக் ஐடி எஃப்பிசி மதிப்புக்குள் இருக்கும். அதில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் உண்டு. எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கும் பழக்கம் உள்ள புரோகிராம் அதைக் கெடுத்துவிடும்.

சரி, பிக்சலும் அனுப்புகிறது, சர்வரும் அனுப்புகிறது என்றால் ஒரே ஆர்டர் இரண்டாகாதா? ஆகும், ஈவென்ட் ஐடி (ஒவ்வொரு ஈவென்டுக்கும் தரும் அடையாள எண்) கொடுக்காவிட்டால். இரண்டு பக்கமும் ஈவென்ட் பெயரும் ஈவென்ட் ஐடியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்து, 48 மணி நேரத்துக்குள் வந்தால், மெட்டா ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். ஐடியாக ஆர்டர் எண்ணையே வையுங்கள். சில பிளக்இன்கள் (சைட்டில் சேர்க்கும் துணை மென்பொருள்கள்) பிரவுசர் பக்கம் ஓர் எண்ணையும் சர்வர் பக்கம் வேறு எண்ணையும் உருவாக்கும். உங்களுக்கு அதிகமாகக் காட்டிய மாதத்துக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். இன்னொரு காரணம், பிக்சல் இரண்டு மூன்று இடத்தில் ஒட்டியிருப்பது: தீமில் ஒருவர், டேக் மேனேஜரில் ஒருவர், அப்புறம் ஆப் வழியாக ஒருவர். ஏஜென்சி மாறிய கடைகளில் இது சாதாரணம். குரோமில் மெட்டா பிக்சல் ஹெல்பரைப் போட்டுப் பார்த்தால் எத்தனை இருக்கிறது என்று தெரியும். நன்றிப் பக்கத்தை வாடிக்கையாளர் மறுநாள் டிராக்கிங் நம்பர் பார்க்கத் திறந்தால் மறுபடி ஈவென்ட் போகிறதா என்பதையும் பாருங்கள். ஓர் ஆர்டருக்கு ஒரு முறை அனுப்பியாயிற்று என்று சர்வரில் குறித்துவிட்டால் அந்தத் தொல்லை தீர்ந்தது.

விலையை அனுப்பும்போது எண் மட்டும் போக வேண்டும். 1,250 என்று காற்புள்ளியோடு போனால் அது எப்படிப் புரிந்துகொள்ளப்படும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ரூபாய் அடையாளமும் வேண்டாம்.

இனி நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு சிக்கல். உங்கள் வாடிக்கையாளர்களில் வளைகுடாவில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். துபாயில் இருக்கும் மகன் ஆர்டர் போடுகிறார், பார்சல் கருங்கலில் இருக்கும் அம்மாவுக்குப் போகிறது. செக்அவுட்டில் இருக்கும் போன் நம்பர் அம்மாவுடையது, கூரியர்காரர் கூப்பிட வேண்டுமே. விளம்பரத்தைப் பார்த்தது மகன். மெட்டா ஒருவரை அடையாளம் பொருத்துவதற்கு ஷா-256 முறையில் ஹேஷ் செய்த (திரும்பப் படிக்க முடியாத குறியீடாக மாற்றிய) போன் நம்பரையும் இமெயிலையும் பயன்படுத்துகிறது. நீங்கள் அனுப்புவதோ அம்மாவின் நம்பர். வாங்குபவர் நம்பர், பெறுபவர் நம்பர் என்று இரண்டு கட்டம் வைத்து, மெட்டாவுக்கு வாங்குபவர் நம்பரை மட்டும் அனுப்புங்கள்.

அப்படிச் செய்தாலும் அடுத்த வம்பு ஒன்று காத்திருக்கும். நம்பர் நாட்டுக் குறியீட்டோடு இருக்க வேண்டும், கூட்டல் குறி, இடைவெளி, முன்னால் வரும் சுழியம் எதுவும் இருக்கக் கூடாது. பல பிளக்இன்கள் எல்லா நம்பருக்கும் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு 91 சேர்க்கும். துபாயின் 971-இல் தொடங்கும் நம்பருக்கும் 91 சேர்ந்தால் ஹேஷ் முழுவதும் மாறிவிடும். ஒரு இலக்கம் தப்பினாலும் பொருத்தம் கிடையாது, ஏறக்குறையப் பொருந்தியது என்பதெல்லாம் ஹேஷில் இல்லை. நாட்டுக் குறியீட்டைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி வைப்பது இதற்குச் சுலபமான வழி.

பெயர் கட்டத்தைப் பெரிதாக நம்ப வேண்டாம். கடைசிப் பெயர் என்ற இடத்தில் நம் ஆட்கள் இனிஷியலைப் போடுவார்கள், ஃபேஸ்புக்கில் வேறு மாதிரி வைத்திருப்பார்கள். இமெயிலைக் கட்டாயமாக்கினால் வாய்க்கு வந்ததை அடிப்பார்கள். என் கருத்தில் நம் வாடிக்கையாளர்களுக்குப் போன் நம்பர்தான் உறுதியான அடையாளம், அதைச் சுத்தமாக வாங்கினாலே போதும். ஈவென்ட்ஸ் மேனேஜரில் ஈவென்ட் மேட்ச் குவாலிட்டி என்று பத்துக்கு ஒரு மதிப்பெண் காட்டும். நம்பரைச் சரிசெய்த பிறகு அது ஏறுகிறதா என்று கவனியுங்கள்.

ஹேஷ் செய்துவிட்டோமே, இனி அது தனிப்பட்ட தகவல் இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். யாருடையது என்று கண்டுபிடிப்பதற்காகத்தானே அனுப்புகிறோம்! 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. செக்அவுட்டில் தெளிவாக அறிவித்துச் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேஷ் ஆன் டெலிவரி இருக்கிறதா? இருந்தால் அதிகமாகக் காட்டுவதில் அதற்கும் பங்கு உண்டு. ஆர்டர் போட்டவுடன் பர்ச்சேஸ் போய்விடும், வாங்க ஆளில்லாமல் பார்சல் உங்களிடமே திரும்பி வந்தாலும் அந்தக் கணக்கு அழியாது. அதோடு முடிந்தால் பரவாயில்லை. வாங்காமல் திருப்பி அனுப்புகிறவர்களைப் போன்ற ஆட்களையே மெட்டா மேலும் தேடிக் கொண்டுவரும், ஏனென்றால் அவர்களைத்தான் நீங்கள் நல்ல வாடிக்கையாளர் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். டெலிவரி ஆன பிறகு அனுப்பலாமே என்று தோன்றும். வெப்சைட் ஈவென்டின் நேரம் 7 நாளுக்கு மேல் பழையதாக இருந்தால் மெட்டா ஏற்காது. பல ஈவென்டுகளைச் சேர்த்து அனுப்பும் ஒரே தொகுப்பில் அப்படி ஒன்று இருந்தாலும் அந்தத் தொகுப்பு முழுவதும் நிராகரிக்கப்படும். வட இந்தியாவுக்குப் போகும் பார்சல் அதற்குள் சேரும் என்று சொல்ல முடியாது. நான் செய்வது இடைப்பட்ட வழி: கேஷ் ஆன் டெலிவரி ஆர்டருக்குப் பிரவுசர் பக்கம் பர்ச்சேஸே கிடையாது. போனிலோ வாட்ஸ்அப்பிலோ கூப்பிட்டு உறுதி செய்ததும் சர்வரில் இருந்து அனுப்புவது, ஈவென்ட் நேரமாக ஆர்டர் போட்ட நேரத்தைக் கொடுப்பது. முழுத் துல்லியம் இல்லைதான், ஆனால் விளையாட்டு ஆர்டர்கள் வடிகட்டப்பட்டுவிடும்.

ஆப்பிள் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2021 ஏப்ரலில் வந்த ஐஓஎஸ் 14.5 முதல், ஆப் உங்களைப் பின்தொடரலாமா என்று ஐபோன் கேட்கிறது, பலர் வேண்டாம் என்கிறார்கள். ஐபோனின் பிரவுசரான சஃபாரியும் ஸ்கிரிப்ட் வைக்கும் குக்கிகளை 7 நாளில் அழித்துவிடும். சர்வர் வழி அனுப்பினால் ஓரளவு மீளும், மறுத்தவர்கள் மறுத்தவர்கள்தான். அந்த இடத்தை மெட்டா மதிப்பீட்டால் நிரப்புகிறது. ஆகவே ஐபோன் அதிகமுள்ள வளைகுடா விளம்பரங்களின் எண்ணைக் கொஞ்சம் சந்தேகத்தோடே படியுங்கள்.

இப்போது இரண்டாவது கேள்வி. ஆட்ஸ் மேனேஜரில் வழக்கமான அமைப்பு, விளம்பரத்தைத் தட்டி 7 நாளுக்குள் வாங்கினாலோ, தட்டாமல் பார்த்துவிட்டு 1 நாளுக்குள் வாங்கினாலோ அது விளம்பரத்தின் கணக்கு. ஆர்டரை எழுதுவதும் வாங்கிய தேதியில் அல்ல, விளம்பரத்தைப் பார்த்த அல்லது தட்டிய தேதியில். வெள்ளிக்கிழமை தட்டி திங்கட்கிழமை வாங்கினால் வெள்ளிக்கிழமைக் கணக்கில் ஏறும். அதனால்தான் நேற்றைய எண் இன்று பார்த்தால் மாறியிருக்கிறது. மாதக் கடைசியில் ஒப்பிட்டால் உதைப்பதும் இதனால்தான். பார்த்ததற்கும் தட்டியதற்கும் தனித்தனி நெடுவரிசை வைத்துப் பாருங்கள். விளம்பரக் கணக்கின் நேர மண்டலம் இந்திய நேரம்தானா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டர்கள் இதில் எதிலும் அடங்காது. விளம்பரத்தைப் பார்த்துவிட்டு "ரேட் எவ்வளவு?" என்று மெசேஜ் போட்டு, ஜிபேயில் அனுப்பிவிட்டு, ஸ்கிரீன்ஷாட் தருகிறவர்கள் உங்களிடமும் நிறைய இருப்பார்கள். வாட்ஸ்அப் பிசினஸ் ஏபிஐ வைத்திருந்தால், வாட்ஸ்அப்புக்குக் கொண்டுவரும் விளம்பரத்தில் இருந்து வரும் முதல் மெசேஜோடு ஒரு கிளிக் ஐடி வரும். விற்பனை முடிந்ததும் அதை வைத்து மெட்டாவுக்குத் திருப்பி அனுப்பலாம். சாதா பிசினஸ் ஆப்தான் என்றால், ஒவ்வொரு விளம்பரத்துக்கும் தானாக நிரம்பும் மெசேஜை வேறு வேறாக வையுங்கள்: ஒன்றில் 'தேன் விலை வேண்டும்', இன்னொன்றில் 'தேன் பற்றித் தெரிய வேண்டும்'. எது எங்கிருந்து வந்தது என்று ஒரு ஷீட்டில் எழுதிவந்தால் போதும்.

இவ்வளவும் செய்தபின் தெரிவது 'இந்த விளம்பரத்தைத் தொட்டவர் வாங்கினார்' என்பது மட்டும். விளம்பரம் இல்லாவிட்டாலும் வாங்கியிருப்பாரா? ஏற்கெனவே கார்ட்டில் போட்டவர்களுக்கே திரும்பத் திரும்பக் காட்டும் விளம்பரங்களில் இந்தச் சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு. அதைப் பார்க்க உங்களுக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்துக்கு மட்டும் இரண்டு மூன்று வாரம் விளம்பரத்தை நிறுத்துங்கள். கூரியர் லேபிளில் 695-இல் தொடங்கும் பின்கோடு ஆர்டர்கள் எத்தனை குறைந்தன என்று, விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும் கொல்லம், கோட்டயம் ஆர்டர்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் பார்சல் அங்கே போனாலும் வாங்கியவர் வளைகுடாவில் இருந்தால் அந்த ஆர்டரைத் தனியாக வையுங்கள், அவருக்கு விளம்பரம் நிற்கவில்லையே. ஓணத்தை ஒட்டியும் கிறிஸ்துமஸை ஒட்டியும் இதைச் செய்ய வேண்டாம். வேலையைத் தொடங்கும் வரிசை என்று கேட்டால் வெப்ஹூக், ஈவென்ட் ஐடி, போன் நம்பர் இந்த மூன்றையும் முதலில் முடியுங்கள். உங்கள் சைட் வூகாமர்ஸா ஷாப்பிஃபையா என்று சொன்னால் அமைப்பு விவரத்தைக் கமென்டில் எழுதுகிறேன்.