எழுதிக் கொடுக்கும் முன் கேளுங்கள்: முதியோர் சொத்து குறித்த கேள்வி பதில்

பத்திரப்பதிவுத் துறையில் 27 வருடம் வேலை பார்த்து, சார்பதிவாளராக ஓய்வு பெற்றவன் நான். வக்கீல் இல்லை. வழக்கு நடந்துகொண்டிருந்தால் உங்கள் வக்கீலைத்தான் கேட்க வேண்டும். மற்றபடி, வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

அம்மாவுக்கு 71 வயது. வீடு அவர் பெயரில் இருக்கிறது. "இப்போதே செட்டில்மெண்ட் எழுதிக் கொடு, பின்னால் அலைய வேண்டாம்" என்கிறார் அண்ணன். எழுதலாமா?

அவசரப்பட வேண்டாம். உயில் எழுதினால், அம்மா இருக்கும் வரை வீடு அம்மாவுடையது. மனம் மாறினால் உயிலையும் மாற்றிக்கொள்ளலாம். பணம் வாங்காமல் சொத்தை எழுதிக் கொடுக்கும் தான செட்டில்மெண்ட் அப்படி இல்லை. பதிவாகி, வாங்கியவர் ஏற்றுக்கொண்டால் வீடு அன்றே கைமாறிவிடும். பிறகு அம்மா தன்னிச்சையாக ரத்து செய்ய முடியாது.

என் மேசைக்கு முன்னால் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. ரேகை தேய்ந்த விரல், கருவியில் மூன்று முறை வைத்தும் பதியவில்லை. "சம்மதத்தோடுதான் எழுதிக் கொடுக்கிறீர்களா?" என்று கேட்டேன். மகன்தான் "ஆமாம் சார்" என்றார். அவரை வெளியே அனுப்பிவிட்டு மறுபடி கேட்டேன். "இதுக்கப்புறம் நான் அந்த வீட்டிலேயே இருக்கலாமா சாமி?" என்றார் பாட்டி. பத்திரத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அன்று பதிவு செய்யாமல் திருப்பி அனுப்பினேன்.

எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு விஷயங்கள் பத்திரத்துக்குள்ளேயே இருக்கட்டும். ஒன்று, அம்மாவுக்கு அந்த வீட்டில் ஆயுள்கால அனுபவ உரிமை. இன்னொன்று, சாப்பாடு, மருத்துவம், பராமரிப்பு எல்லாம் மகன் பொறுப்பு என்ற நிபந்தனை. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், பிரிவு 23, இந்த நிபந்தனையை வைத்துத்தான் வேலை செய்கிறது. அதை மீறினால் பத்திரத்தைச் செல்லாததாக்கும்படி தீர்ப்பாயத்தில் கேட்கலாம். 2022இல் ஒரு வழக்கில், அப்படி நிபந்தனை இருந்ததாகக் காட்டப்படவில்லை என்று உச்ச நீதிமன்றம் தாய்க்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் வேறொரு தாய்க்கு வீடு திரும்பக் கிடைத்தது. அங்கே, பார்த்துக்கொள்வேன் என்று மகன் எழுதிக் கொடுத்த தாள் இருந்தது. அந்த ஒரு வரியை எழுதச் சொல்லித்தான் இத்தனை வருடமாகக் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.

உயிலுக்கு எவ்வளவு ரூபாய் முத்திரைத்தாள் வாங்க வேண்டும்?

வேண்டாம். வெள்ளைத்தாள் போதும். எழுதுபவர் கையெழுத்து, குறைந்தது இரண்டு சாட்சிகள். சொத்து பெறுபவரைச் சாட்சியாகப் போடாதீர்கள். உங்களைவிட வயதில் இளையவர்களாகப் பாருங்கள். நாளை நீதிமன்றம் வரை போனால், சாட்சிகளில் ஒருவராவது வந்து சொல்ல வேண்டும்.

பேங்க் எஃப்டியில் நான்தான் நாமினி. பணம் முழுக்க எனக்குத்தானே?

இல்லை. பணத்தை வாங்கும் உரிமைதான் நாமினிக்கு. அந்தப் பணம் வாரிசுகள் எல்லோருக்கும் சேர வேண்டியது. உயில் இருந்தால் அதன்படி.

அப்பாவின் ஷேர்களுக்கு நாமினி நான். தங்கைக்கும் பங்கு உண்டா?

மேலே சொன்னதுதான். ஷேர் விஷயத்திலும் அதேதான் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாமினி பற்றி இன்னும் ஆறு பேர் கேட்டிருக்கிறீர்கள். ஆறு பேருக்கும் இதுதான் பதில்.

அப்பாவுக்கு மறதி நோய் முற்றிவிட்டது. பவர் வாங்கி இடத்தை விற்கலாமா?

முடியாது. பவர் என்பது தனக்காகச் செயல்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரம். புத்தி தெளிவாக இருக்கும்போதுதான் அதைக் கொடுக்க முடியும். முன்பே கொடுத்திருந்தாலும், மனநிலை தவறியதும் அது முடிந்துபோகும். உயர் நீதிமன்றத்தில் மனு போட்டுப் பாதுகாவலராக நியமிக்கக் கேட்பது ஒரு வழி. கோமாவில் இருந்த கணவரின் சொத்தை விற்க, 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் மனைவிக்கு அப்படி அனுமதி கொடுத்திருக்கிறது. நல்ல வக்கீலைப் பாருங்கள். அப்பாவின் கையைப் பிடித்து ரேகை மட்டும் வைத்துவிடாதீர்கள்.

வெளிநாட்டில் இருக்கிறேன். விற்ற பணத்துக்கு வரி எவ்வளவு?

ஆடிட்டரைக் கேளுங்கள்.

பெற்ற பிள்ளையிடமே நிபந்தனை போடச் சொல்கிறீர்கள். நல்ல குடும்பத்தில் இது சந்தேகத்தை விதைக்காதா?

இதற்கு ஆதரவாகவும் எதிராகவும் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். "மகனை நம்பாதவர் யாரை நம்புவார்?" என்கிறார் ஒருவர். ஒரு மருமகள் எழுதியதை அப்படியே தருகிறேன்: "ஒன்பது வருடமாக மாமியாருக்கு டயபர் மாற்றுவது நான். வருடத்துக்கு ஒரு முறை வரும் நாத்தனாருக்கும் சம பங்கு. நிபந்தனை எல்லாம் எங்களுக்கு மட்டும்தானா?"

அம்மா, உங்கள் கோபம் நியாயமானது. பார்த்துக்கொண்டவருக்குக் கூடுதல் பங்கு என்று வாரிசுரிமைச் சட்டத்தில் எதுவும் கிடையாது. மாமியார் உயில் எழுதினால்தான் உண்டு. தன் சொந்தச் சொத்தை அவர் உங்கள் பெயருக்கே எழுதலாம். நினைவு தெளிவாக இருக்கும்போதே, மருத்துவர் சான்றோடு, ஏன் உங்களுக்குத் தருகிறார் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

சந்தேகம் என்று சொல்பவர்களுக்கு: மகன் நல்லவராகவே இருக்கட்டும். அவர் பெற்றோருக்கு முன்பே போய்விட்டால்? கடனுக்கு வீடு ஜப்திக்கு வந்தால்? அப்போது அந்த வீட்டில் பெற்றோருக்கு இடம் தருவது ஆயுள்கால உரிமை என்று பத்திரத்தில் இருக்கும் வரிதான். நல்ல மகன் அந்த வரியில் கையெழுத்துப் போடத் தயங்க மாட்டார். தயங்குகிற மகன்களையும் பார்த்திருக்கிறேன்.

அண்ணன் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். எல்லாம் அண்ணிக்கும் குழந்தைகளுக்கும்தானே?

இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்கள் அம்மாவுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. வாரிசுச் சான்றிதழில் அவர் பெயரை விட்டுவிடாதீர்கள்.

நாங்கள் முஸ்லிம்கள். மொத்தச் சொத்தையும் ஒரே மகனுக்கு உயில் எழுதலாமா?

பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. வாரிசுகளில் ஒருவருக்கே எழுதுவதென்றால் மற்ற வாரிசுகளின் சம்மதமும் வேண்டும். மேலும் விவரம் அந்தச் சட்டம் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

எனக்கு 76 வயது. மூன்று வருடம் முன்பு பெரியவனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். நிபந்தனை எதுவும் எழுதவில்லை. இப்போது மாடி அறையில் தனியாக இருக்கிறேன். சாப்பாடு சில நாள் வரும், சில நாள் வராது.

ஐயா, முதலில் 14567க்குப் போன் செய்யுங்கள். அது முதியோர் உதவி எண். அப்புறம் கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுங்கள், அங்கேதான் தீர்ப்பாயம். உங்களால் போக முடியாவிட்டால், நீங்கள் அனுமதி கொடுக்கும் ஒருவர் உங்களுக்காக மனு தரலாம். பராமரிப்புத் தொகை மாதம் 10,000 ரூபாய் வரை கேட்கலாம். அதற்குப் பத்திரத்தில் நிபந்தனை தேவையில்லை, உங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டியது பிள்ளைகளின் கடமை.

வீட்டைத் திரும்பப் பெறுவது கஷ்டம், ஆனால் முயற்சி செய்யலாம். "பார்த்துக்கொள்வேன்" என்று மகன் எழுதிய கடிதம், போனில் அனுப்பிய செய்தி, பேசும்போது உடன் இருந்த உறவினர் என்று எது கிடைத்தாலும் சேர்த்து வையுங்கள். பத்திர நகல் கையில் இல்லையென்றால், பதிவான அலுவலகத்திலேயே சான்றிட்ட நகல் கேட்டு வாங்குங்கள். அதன் முழு வாசகத்தையும் எனக்கு அனுப்புங்கள், வரிவரியாகப் படித்துப் பார்க்கிறேன்.