முழங்கால் வலியும் 313 படிகளும்

கேள்வி: சான் பிரான்சிஸ்கோவில் மகன் வீட்டுக்குப் போகிறேன். பாயிண்ட் ரேயஸ் கலங்கரை விளக்கத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்கிறான். எனக்கோ முழங்கால் வலி. போகலாமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: போங்கம்மா, ஆனால் படி இறங்கும் முன் யோசியுங்கள். மற்ற ஊர்களில் கலங்கரை விளக்கத்துக்கு ஏறுவோம்; இங்கே மலை உச்சியிலிருந்து 313 படி இறங்க வேண்டும். உச்சியில் மூடுபனி அடர்த்தி என்பதால் விளக்கைக் கீழே வைத்துவிட்டார்கள். நான் இறங்கும்போது பேசிக்கொண்டே போனேன். ஏறும்போது மூன்று இடத்தில் உட்கார்ந்து, ‘காட்சி பார்க்கிறேன்’ என்று மருமகளிடம் சமாளித்தேன்.

உள்ளே இருக்கும் ஃபிரெனெல் லென்ஸ் (விளக்கொளியைக் குவித்துத் தூரத்துக்கு அனுப்பும் கண்ணாடி) 1867-இல் பிரான்சில் செய்தது. 1870-இல் விளக்கேற்றினார்கள். அந்தக் காலத்தில் எடைக்கல் கட்டிய கடிகார இயந்திரம்தான் லென்ஸைச் சுழல வைத்தது. காவலர் இரண்டு மணி இருபது நிமிடத்துக்கு ஒரு தரம் அதற்குச் சாவி கொடுக்கவேண்டியிருந்தது, ராத்திரி முழுக்க.

காற்று பலமானால் படியை மூடிவிடுவார்கள். அதனால் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். ஜனவரியில் போனால் மேலே நின்றே திமிங்கிலம் பார்க்கலாம், முழங்காலுக்கு வேலையில்லை. அப்புறம், ஸ்வெட்டரை மறக்காதீர்கள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.