உப்பு தாங்கும் தக்காளி

அன்புள்ள ஐயா,

முதுகலைத் தாவரவியல் படிக்கிறேன். திசு வளர்ப்பில் தக்காளி வித்திலைத் துண்டுகளை எம்.எஸ். என்ற சத்துக்கலவை ஊடகத்தில் வைத்து, சோடியம் குளோரைடை 50, 100, 150 மில்லிமோல் எனக் கலந்து பார்க்கிறோம். 150-இல் எல்லாம் பழுப்பாகிச் செத்துவிட்டன. 100-இல் இரண்டு கேலஸ்கள் (வேர், இலை என்று பிரியாத செல் திரள்கள்) மட்டும் வெளிர்பச்சையாக வளர்கின்றன. உப்பு தாங்கும் தக்காளி கிடைத்துவிட்டது என்கிறார்கள் நண்பர்கள். எங்கள் ஊர் வேதாரண்யம் பக்கம், கிணற்று நீர் உப்பு. இந்தச் செடி அங்கே காய்க்குமா?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

இப்போதைக்கு அப்படிச் சொல்ல முடியாது. 100 மில்லிமோல் என்றால் லிட்டருக்கு 5.8 கிராம் உப்பு. அதில் கேலஸ் வளர்வது நல்ல செய்திதான். ஆனால் குடுவைக்குள் அதற்குக் கிடைக்கும் சலுகைகள் வயலில் கிடைக்காது.

ஊடகத்தில் லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை இருக்கிறது. வயலில் உப்பு ஏறினால் இலைத்துளைகள் மூடிக்கொள்ளும், செடி உணவு தயாரிப்பது குறையும். ஊட்டிவிட்ட சர்க்கரையில் வளரும் கேலஸில் அந்த இழப்பு தெரியவே தெரியாது. அப்புறம் பொட்டாசியம். சோடியம் செய்யும் கெடுதலில் பெரும்பகுதி, செல்லுக்குள் அது பொட்டாசியத்தின் இடத்தைப் பிடிப்பதால் வருவது. எம்.எஸ். ஊடகத்திலோ பொட்டாசியம் 20 மில்லிமோல் அளவுக்குத் தாராளமாக இருக்கிறது.

இவற்றைவிட நான் பெரிதாக நினைப்பது நீராவிப்போக்கை. சித்திரை வெயிலில் செடி நாள் முழுக்க நீரை இழுக்கிறது. நீரோடு சோடியமும் ஏறுகிறது. நீர் ஆவியாகிவிட, உப்பு இலையிலேயே தங்கிவிடுகிறது. அடியில் உள்ள முதிர்ந்த இலைகளின் ஓரம் முதலில் கருகுவதைப் பார்த்திருப்பீர்கள், அது இதனால்தான். சோடியத்தை வேரிலேயே மறிப்பது, மறிக்க முடியாததைத் தண்டில் பிடித்துவைப்பது, பழைய இலைகளில் ஒதுக்கித் தளிரைக் காப்பது எல்லாமே முழுச் செடியின் வேலை. வேரும் இலையும் இல்லாத கேலஸ் ஈரம் நிறைந்த குடுவைக்குள் இருந்துகொண்டு இதில் எதைக் காட்டும்? உமரியின் உறவான உவர்நிலச் செடிகளில் இதைச் சோதித்திருக்கிறார்கள். செடி உப்பில் செழித்தது, அதன் கேலஸுக்கோ அந்தத் திறன் இல்லை.

ஆனாலும் தக்காளியில் நம்பிக்கைக்கு இடமுண்டு. காலபகோஸ் தீவுக் கடற்கரையில் வளரும் காட்டுத் தக்காளி கடல்நீரிலும் பிழைப்பதை 1976-இல் காட்டினார்கள். வேறு காட்டுத் தக்காளி இனங்களின் கேலஸ், நாம் பயிரிடும் தக்காளியின் கேலஸைவிட உப்பை நன்றாகத் தாங்கியதும் பதிவாகியிருக்கிறது. தாங்கும் திறனில் ஒரு பங்கு செல்லிலேயே இருக்கிறது என்றுதான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

அதனால் உங்கள் இரண்டு கேலஸ்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உப்பில்லாத ஊடகத்துக்குச் சில முறை மாற்றி வளர்த்துவிட்டு மறுபடி உப்பில் வையுங்கள். வாடினால் அது வெறும் பழக்கம், மரபில் எதுவும் மாறவில்லை. கூடவே, சோடியம் இல்லாமலே நீர்த் தவிப்பை உண்டாக்கும் மானிட்டாலை 200 மில்லிமோல் கலந்த ஒரு தொகுதியும் வையுங்கள். நீர் கிடைக்காத தவிப்பு எது, சோடியத்தின் நச்சு எது என்று அப்போதுதான் பிரித்தறிய முடியும்.

இதில் தேறினால் தளிரும் வேரும் வரவழைத்து, தொட்டிக்கு மாற்றி, விதை எடுங்கள். அந்த விதையில் முளைத்த செடிகளுக்கு உங்கள் ஊர்க் கிணற்று நீரையே ஊற்றிப் பாருங்கள். மண்ணில் உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்துதிறனையும் அளந்துகொள்ளுங்கள். சாதாரணத் தக்காளி மீட்டருக்கு 2.5 டெசிசீமன்ஸ் வரை விளைச்சல் குறையாமல் தாங்கும், அதற்குமேல் ஒவ்வொரு அலகுக்கும் ஏறக்குறைய 10 சதவீதம் இழக்கும். உங்கள் செடி மிஞ்ச வேண்டியது இந்தக் கணக்கைத்தான்.