அமெரிக்கக் கல்லூரியில் பாதியில் நிற்பவர்கள்: கேள்வி பதில்

அமெரிக்க அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் மாணவர் ஆலோசகராக இருக்கிறேன். கறுப்பின, லத்தீனோ, பூர்வகுடி மாணவர்கள் சேர்ந்த படிப்பை முடிப்பது பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள். விசா பற்றி மட்டும் வேண்டாம்.

கேள்வி (டல்லாஸ்): நிலைமை அவ்வளவு மோசமா, மேடம்?

2010இல் நான்கு வருடப் படிப்பில் சேர்ந்து, ஆறு வருடத்துக்குள் அதே கல்லூரியில் பட்டம் வாங்கியவர்கள்: ஆசியர் 74%, வெள்ளையர் 64%, லத்தீனோக்கள் 54%, கறுப்பினத்தவர் 40%, பூர்வகுடிகள் 39%. வேறு கல்லூரிக்கு மாறி முடித்தவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

கேள்வி (நியூ ஜெர்சி): நம் வீடுகளில் பிள்ளைகளைப் படி படி என்று விரட்டுகிறோம். அவர்கள் வீட்டில் அது இல்லை. அதுதானே காரணம்?

1970களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகக் கணிதத் துறையிலும் இதையேதான் சொன்னார்கள். ஆர்வம் இல்லை, அடிப்படை போதாது, வீட்டில் ஆதரவு இல்லை, வறுமை என்று பேராசிரியர்கள் அடுக்கினார்கள். யூரி ட்ரைஸ்மன் என்ற இளம் ஆய்வாளர் கால்குலஸ் எடுத்த 20 கறுப்பின மாணவர்கள், 20 சீன மாணவர்கள் பின்னாலேயே போய், எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்த்தார். அடுக்கிய காரணங்களில் ஒன்றுகூட நிற்கவில்லை. பல கறுப்பின வீடுகளில் பிள்ளை பிறந்ததிலிருந்தே கல்லூரிக் கனவுதான். அந்த மாணவர்கள் பேராசிரியர் சொன்னதைச் சொன்னபடி செய்தார்கள்: வாரம் 8 மணி நேரம், அறையில் தனியாக. சீன மாணவர்களும் தனியாகப் படித்தார்கள். ஆனால் சாயங்காலம் ஒன்றுகூடி, சாப்பிட்டுக்கொண்டே கணக்கை ஒப்பிட்டு, ஒருவர் தப்பை இன்னொருவர் பிடித்து, போன வருடத்துக் கேள்வித்தாளையும் அலசினார்கள். தனியாகப் படித்தவருக்குத் தன் தப்பு தேர்வில்தான் தெரிந்தது.

ட்ரைஸ்மன் கறுப்பின மாணவர்களை 'பலவீனமானவர்களுக்கான வகுப்பு' எதிலும் உட்கார வைக்கவில்லை. பாடத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, குழுவாக மோத விட்டார். மதிப்பெண் ஏறியது. உங்கள் பிள்ளைக்கும் இது உதவும். விரட்டுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (அட்லாண்டா): அப்போ பணம் காரணமே இல்லையா?

பெரிய காரணம். படிப்பு வரவில்லை என்று சொல்லும் முன் பாக்கியைப் பாருங்கள் என்று என் சக ஊழியர்களிடம் ஓயாமல் சொல்வேன். மூன்றாம் வருட மாணவி ஒருத்தி எதிரே உட்கார்ந்திருப்பாள். மதிப்பெண் எல்லாம் நன்றாக இருக்கும். திரையில் ஒரே ஒரு ஹோல்டு, அதாவது தடை: சில நூறு டாலர் பாக்கி, அதில் பார்க்கிங் அபராதமும் அடக்கம். அது தீரும்வரை அடுத்த செமஸ்டருக்குப் பதிவு செய்ய முடியாது. 'ஒரு செமஸ்டர் வேலை பார்த்துட்டு வரேன்' என்பாள். அப்படிப் போனவர்களில் பலர் திரும்புவதில்லை.

உங்கள் ஊர் ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகத்திலேயே ஒவ்வொரு செமஸ்டரும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பணம் கட்டாததால் பட்டியலிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். 2011இல் சிறு மானியம் ஒன்றைத் தொடங்கினார்கள். விண்ணப்பமே கிடையாது. யாருக்கு எவ்வளவு குறைகிறது என்று அலுவலகமே பார்த்து, கணக்கில் வரவு வைத்துவிடும். அங்கே கறுப்பின மாணவர்கள் பட்டம் பெறும் விகிதம் மற்றவர்களுக்குச் சமமாக வந்ததில் இதற்கும் பங்கு உண்டு.

கேள்வி (ஃப்ரீமாண்ட்): சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். மார்க் குறைந்தவர்களைப் பெரிய கல்லூரியில் சேர்த்தால் தாக்குப்பிடிக்க முடியாமல் போகத்தானே செய்வார்கள்?

இதற்கு உங்கள் மாநிலத்திலேயே விடை இருக்கிறது. 1996இல் மாநில மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த 209ஆம் பிரேரணைக்குப் பின் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் சேர்க்கையில் இனத்தைப் பார்ப்பதை நிறுத்தியது. நீங்கள் சொல்வது சரியானால், 'தகுதிக்கேற்ற' கல்லூரிக்குப் போன கறுப்பின, லத்தீனோ மாணவர்கள் அங்கே கூடுதலாகப் பட்டம் வாங்கியிருக்க வேண்டும். பொருளியலாளர் சாகரி ப்ளீமர் 2022இல் வெளியிட்ட ஆய்வில் கண்டது நேர்மாறு: பட்டம் குறைந்தது, பின்னாளில் சம்பளமும் குறைந்தது.

கேள்வி (மீண்டும் ஃப்ரீமாண்ட்): சட்டக் கல்லூரிகளில் இனம் பார்த்துச் சேர்ப்பது கறுப்பின மாணவர்களுக்கே கேடு என்று 2004இல் சட்டப் பேராசிரியர் சாண்டர் எழுதியதை ஏன் மறைக்கிறீர்கள்?

மறைக்கவில்லை, நீங்கள் கேட்கவில்லை. அவர் கணக்குப் போட்ட முறையைப் பல ஆய்வாளர்கள் அப்போதே மறுத்தார்கள். அதற்கு முன்பே, 1998இல் போவன், பாக் என்ற முன்னாள் பல்கலைக்கழகத் தலைவர்கள் இருவர் ஒரே அளவு எஸ்ஏடி (கல்லூரிச் சேர்க்கைத் தேர்வு) மதிப்பெண் உள்ள கறுப்பின மாணவர்களை ஒப்பிட்டார்கள்; இடம் கிடைப்பது கடினமான கல்லூரிக்குப் போனவர்களே அதிகமாக முடித்திருந்தார்கள். காசும் ஆலோசகரும் அங்கேதானே அதிகம்!

கேள்வி (சியாட்டில்): ஃப்ரீமாண்ட்காரர் கேட்டது நியாயம்தானே? 2023இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதே?

சேர்க்கையில் இனத்தைப் பார்க்கக் கூடாது என்ற ஹார்வர்ட் வழக்கின் தீர்ப்பு யாரைச் சேர்ப்பது என்பது பற்றியது. சேர்ந்தவரை நிற்க வைப்பதை அது தடுக்கவில்லை. இந்தச் சண்டையை இதோடு விடுவோம். சேர்க்கை பற்றி இனி பதில் கிடையாது.

கேள்வி (சிகாகோ): பணம்தான் ஒரே காரணமா, அக்கா?

மேலே அட்லாண்டாவுக்குச் சொல்லியிருக்கிறேன், பாருங்கள்.

கேள்வி (குயீன்ஸ்): கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடக் கல்லூரியில்) பாடம் எடுக்கிறேன். எங்கள் பிள்ளைகளுக்கு எது பலித்தது?

பதில் உங்கள் ஊரிலேயே இருக்கிறது: க்யூனி எனப்படும் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007இல் தொடங்கிய ஏசாப் திட்டம். முழுநேரமாகப் படிக்க வேண்டும் என்பது நிபந்தனை. பதிலுக்குக் கட்டணத்தில் விழும் துண்டு, பாடப்புத்தகம், பேருந்து-ரயில் பயண அட்டை எல்லாவற்றுக்கும் உதவி. அடிக்கடி பார்க்கும் ஆலோசகரும் உண்டு. குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தார்கள். பெரும்பாலோர் கறுப்பின, லத்தீனோ மாணவர்கள். மூன்று வருடத்தில் முடித்தவர்கள், திட்டத்தில் 40%, வெளியே 22%. ஓஹையோவிலும் பலித்தது. ஒரே ஓர் எச்சரிக்கை: செலவைக் குறைக்கப் பயண அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு ஆலோசகரைக் கழற்றிவிடாதீர்கள்.

கேள்வி (ஹூஸ்டன்): கணக்கில் பின்தங்கியவர்களை முதலில் கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் மதிப்பு) இல்லாத அடிப்படை வகுப்பில் போட்டால் என்ன?

போட்டால் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். டென்னசி 2015இல் அதை விட்டுவிட்டு, நேரே கிரெடிட் வகுப்பில் சேர்த்து, கூடவே உதவி வகுப்பையும் வைத்தது. கணக்கில் தேறியவர்கள் பல மடங்கானார்கள்.

கேள்வி (பாஸ்டன்): எல்லாவற்றுக்கும் பணமே காரணமா?

இல்லை. மேலே படியுங்கள்.

கேள்வி (ஆஸ்டின்): டிஏவாக (பேராசிரியருக்கு உதவும் ஆசிரியராக) இருக்கிறேன். முதல் தேர்வில் 38 எடுத்த மாணவன் பாடத்தை டிராப் பண்ணவா, விட்டுவிடவா என்கிறான்.

அவசரப்படாதீர்கள். யாரோடு சேர்ந்து படிக்கிறான் என்று கேளுங்கள். யாருமில்லை என்றால், அதே தேர்வில் திணறிய இன்னும் மூன்று பேரோடு வரச் சொல்லி, ஆபீஸ் ஹவரில் ஒரு கடினமான கணக்கைக் கொடுங்கள். நீங்கள் போட்டுக் காட்டாதீர்கள். டிராப் பண்ணும் கடைசித் தேதிக்கு முன் ஃபைனான்சியல் எய்டு ஆபீஸிலும் கேட்கச் சொல்லுங்கள். கிரெடிட் குறைந்தால் உதவித்தொகையும் குறையலாம்.

கேள்வி (கோயம்புத்தூர்): எஃப்-1 மாணவர் விசாவில் ஒரு செமஸ்டர் விடுப்பு எடுக்கலாமா?

உங்கள் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேளுங்கள். விடுப்பு எடுப்பதற்கு முன்பே கேளுங்கள்.