பேர் வாசிக்காத ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

12 வருஷமாக எங்கள் சபையில் ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறேன். போன மாதம் ஆண்டுவிழாவில் ஆசிரியர்கள் பேரை வாசித்தபோது என் பேர் விட்டுப்போய்விட்டது. அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. அப்படியென்றால் இத்தனை நாளும் ஆண்டவருக்காகச் செய்யவில்லையா, பேருக்காகத்தானா? இப்போது மனசே இல்லாமல்தான் போகிறேன். இது வேஷமில்லையா? விட்டுவிடலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

விட்டுவிடாதீர்கள்.

பேர் வராதது வலித்தது என்பதற்காக 12 வருஷமும் பொய்யாகிவிடாது. பேர் மேல் ஆசையும் கொஞ்சம் கலந்திருந்தது என்று தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். அப்போஸ்தலன் பவுல் சிறையிலிருந்து பிலிப்பி பட்டணத்துச் சபைக்கு எழுதும்போது, பொறாமையாலும் விரோதத்தாலும் பிரசங்கிக்கிறவர்களைப் பற்றிச் சொல்லிவிட்டு, எப்படியாவது கிறிஸ்து அறிவிக்கப்படுகிறாரே என்று சந்தோஷப்படுகிறார். நோக்கம் முழுக்கச் சுத்தமான பிறகுதான் ஊழியம் என்றால் எந்தச் சபையிலும் ஒரு ஆள் மிஞ்சமாட்டார்.

மனசில்லாமல் போவதும் வேஷமில்லை. மத்தேயு 21இல் இயேசு சொல்லும் இரண்டு மகன்கள் கதையில், "மாட்டேன்" என்று தகப்பனிடம் நேராகவே சொன்ன மகன், அப்புறம் மனஸ்தாபப்பட்டுத் திராட்சத்தோட்டத்துக்குப் போகிறான். எவ்வளவு உற்சாகமாக வேலை செய்தான் என்று இயேசு கேட்கவில்லை. தகப்பன் சித்தப்படி செய்தவன் யார் என்றுதான் கேட்டார்.

ஆனால் அந்த வலியைச் சும்மா விடவும் வேண்டாம், அதற்கு ஒரு வேலை கொடுங்கள். நான் ஒருமுறை கோயிலுக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்தேன், இறக்கையில் சிவப்பு பெயின்டில் 'உபயம்' என்று என் பேர். அப்புறம் ரொம்ப நாள் ஆராதனைக்குள் நுழைந்ததும் என் கண் பீடத்துக்குப் போகாது, மேலே அந்த விசிறிக்குத்தான் போகும். எங்கள் அம்மாவோ தினமும் உலை வைக்கும்போது களைந்த அரிசியைப் போடுவதற்கு முன்பே, காய்ந்த அரிசியில் ஒரு பிடி எடுத்து அடுப்படி மூலையில் இருக்கும் மண்சட்டியில் போட்டுவிடுவார், வீட்டில் அரிசி குறைவாக இருந்த மாதங்களிலும். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிடி அரிசியைக் கொண்டுபோய்க் கோயில் பெட்டியில் கொட்டுவார்; புழுங்கலும் பச்சையும் குருணையுமாக எல்லார் வீட்டு அரிசியும் அதில் கலந்துவிடும், எது யாருடையது என்று அம்மாவாலேயே சொல்லமுடியாது.

உங்கள் வகுப்பில் சில வாரமாக வராத பிள்ளை ஒன்று இருக்கும். அதன் வீட்டுக்கு ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். சபையில் யாரிடமும் சொல்லவேண்டாம், எனக்கும் எழுதவேண்டாம்.