நெறியைக் கற்பிக்கலாம், தகவலை மறைக்கலாகாது

கேள்வி: சமய அமைப்பு ஒன்று நடத்தும் மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். பதினாறு, பதினேழு வயது மாணவிகள் சிலர் கருத்தடை பற்றித் தனியே வந்து கேட்கிறார்கள். திருமணத்துக்கு முன் உறவு கூடாது என்று கற்பிக்கும் பள்ளி ஆணுறையைப் பற்றியும் பேசினால், அது தவறு செய்ய அனுமதி கொடுத்ததாகாதா என்று நிர்வாகம் கேட்கிறது. தங்கள் கருத்து என்ன?

பதில்: ஆகாது. திருமணம்வரை காத்திருப்பதே நல்லது என்று கற்பிக்கும் உரிமை உங்கள் பள்ளிக்கு உண்டு. அந்த நெறியை நம்பித்தான் பெற்றோர் பலர் பிள்ளைகளை அங்கே சேர்க்கிறார்கள். ஆனால் நெறியைக் காப்பதாக எண்ணிக்கொண்டு, ஒரு பிள்ளையின் உடல்நலத்துக்குத் தேவையான செய்தியை மறைப்பது அந்த உரிமைக்குள் அடங்காது.

பேசினாலே பிள்ளைகள் தடம் மாறிவிடுவார்கள் என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை. பாலியல் கல்வி குறித்து யுனெஸ்கோ 2009-இல் வெளியிட்டு 2018-இல் திருத்திய வழிகாட்டி, பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, இக்கல்வியால் இளையோர் உறவை முன்கூட்டியே தொடங்குவதில்லை என்றும், விலகியிருக்கும்படி மட்டும் போதிக்கும் திட்டங்கள் உறவைத் தள்ளிப்போட உதவவில்லை என்றும் சொல்கிறது.

மறைப்பதைவிடக் கொடியது பொய் சொல்வது. ஆணுறையில் நுண்துளைகள் உண்டு, எச்.ஐ.வி. கிருமி அவற்றின் வழியே நுழைந்துவிடும் என்று நல்லெண்ணத்தோடு பயமுறுத்துபவர்கள் இருக்கிறார்கள். சேதமடையாத லேடெக்ஸ் ஆணுறையைக் கிருமி ஊடுருவாது. ஒவ்வொரு முறையும் சரியாகப் பயன்படுத்தினால் ஓராண்டில் 100 பெண்களில் சுமார் 2 பேர் கருவுறலாம். வழக்கமான பயன்பாட்டில் இது 13 பேர் அளவுக்கு உயர்கிறது. இந்த வேறுபாட்டுக்குப் பெருங்காரணம் முறையறியாமையும் விட்டுவிட்டுப் பயன்படுத்துவதும்தான். கருத்தடை மாத்திரை கருவைத் தடுக்குமே தவிர, பால்வினை நோய்களைத் தடுக்காது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. ‘ஆணுறை பயனற்றது’ என்று கேட்டு வளர்ந்த பிள்ளை உறவைத் தவிர்ப்பாள் என்பதற்கு உறுதியில்லை; ஆணுறையைத் தவிர்க்க அவளுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

வளாகத்துக்குள் கருத்தடைச் சாதனம் வழங்க உங்கள் சமயம் இடம் தராமல் இருக்கலாம். போப் ஆறாம் பவுல் 1968-இல் செயற்கைக் கருத்தடையைத் தம்பதியருக்கே மறுத்த பிறகு, ஒரு கத்தோலிக்கப் பள்ளி தானே அதை வழங்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அப்படியானால், வழங்கும் மருத்துவரிடமோ செவிலியரிடமோ அனுப்பிவையுங்கள், அதுவும் தாமதமின்றி. லெவோநார்ஜெஸ்ட்ரல் அவசரக் கருத்தடை மாத்திரையை உறவு நடந்த 72 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். முந்தினால் பலன் அதிகம். வெள்ளிக்கிழமை இரவு நடந்ததைத் திங்கட்கிழமை காலையில் உங்களிடம் சொல்லும் மாணவிக்கு அந்த அவகாசத்தில் பெரும்பகுதி கழிந்திருக்கும். யூலிப்ரிஸ்டல் என்ற மற்றோர் அவசர மாத்திரைக்கும் தாமிரக் கருத்தடை வளையத்துக்கும் ஐந்து நாள்வரை இடமுண்டு என்றாலும், அவற்றைத் தீர்மானிக்க மருத்துவர் வேண்டும். நிர்வாகக் குழு கூடி முடிவெடுக்கும்வரை அவளைக் காக்கவைப்பது, உதவியை மறுப்பதற்குச் சமம்.

உங்கள் நிர்வாகம் எண்ணிப் பார்க்காத இன்னொன்றும் இருக்கிறது. கருத்தடை பற்றிக் கேட்பவள் விரும்பித்தான் உறவு கொண்டாள் என்று எப்படித் தெரியும்? மிரட்டப்பட்ட பிள்ளைகளும், குடும்பத்துக்குள்ளேயே துன்புறுத்தப்படும் பிள்ளைகளும் நடந்ததை நேராகச் சொல்வது அரிது. பெரும்பாலும் இப்படி ஒரு மருத்துவக் கேள்வியாகத்தான் தொடங்குவார்கள். கேள்வியைக் கேட்டதற்கே ஒழுக்கக் கண்டனம் கிடைத்தால், அந்தப் பிள்ளை மறுபடி வாய் திறக்கமாட்டாள்.

ஆகவே, இத்தகைய கேள்விகளோடு வருபவர்களை யார் சந்திப்பது, எந்த மருத்துவரிடம் அனுப்புவது என்பதை நிர்வாகத்திடம் எழுத்துமூலம் கேட்டுப் பெறுங்கள். பதினெட்டு வயது நிரம்பாதவர் பற்றிய சில செய்திகளை அதிகாரிகளுக்குத் தெரிவிக்கும்படி பல நாடுகளின் சட்டம் ஆசிரியரைக் கட்டாயப்படுத்துகிறது. எதை உங்களுக்குள் வைத்துக்கொள்ள முடியும், எதை மேலே சொல்லியே ஆக வேண்டும் என்பதை, அந்த மாணவி பேசத் தொடங்குவதற்கு முன்பே அவளிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.